கந்தண்ணை எனக்குப் பிடித்து வைத்த இடம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கந்தண்ணை கோட்டும் டையுமாக நிற்கிறார். கையில் ஒரு தட்டம். அதில் மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் குடுமியோடு ஒரு தேங்காய்.

எனக்குத் திக்கென்றது. தட்டத்தைக் கண்டல்ல, மணி அடித்ததைக் கேட்டு. முப்பது வருடப் பழக்கத்தில் கந்தண்ணை எங்கள் வீட்டு மணியை அடித்தது கிடையாது. பக்கத்துக் கேற்றைத் தள்ளித் திறந்து, நேரே குசினிக்குள் வந்து, "பிள்ளை, தேத்தண்ணி இருக்கோ?" என்று என் மனைவி மாலினியிடம் கேட்பார். அதுதான் அவர் வருகிற வழி.

"என்ன அண்ணை, முன்பக்கத்தால வாறியள்?"

"இண்டைக்கு உன்னைப் பாக்க வரேல்லை தம்பி. மந்திரியைப் பாக்க வந்தனான்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வரவேற்பறையில் ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததாகவே ஞாபகமில்லை. குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்த மாலினியும் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்காமல் நின்றாள்.

"நேசன்ரை விசயமா வந்தனான்" என்றார்.

நேசன் அவருடைய தங்கையின் மகன். படகில் வந்தவன். தங்கை வன்னியில் செத்துப்போனாள். அவனுக்கு இந்த நாட்டில் கந்தண்ணையையும் அவர் மனைவி பூமணி அக்காவையும் விட்டால் ஆளில்லை. மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் வேலை. அது முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வான் ஓடிப் பார்சல் கொடுப்பான். தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் இப்படித்தான் உழைப்பார்கள், நாளைக்கு என்ன சட்டம் வரும் என்று தெரியாத பயம்.

ஒரு காலை நேசனுக்கு ஸ்டியரிங்கில் கண் சொருகிவிட்டது. வான் நடைபாதையில் ஏறி, நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார முதியவரை அடித்துப்போட்டது. உயிர் தப்பினார், ஒரு கால் பழையபடி ஆகவில்லை. நேசன் ஓடவில்லை. அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவருடைய கையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தான். குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். தண்டனை என்ன என்பதுதான் பாக்கி.

பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், குடியுரிமை இல்லாதவரின் விசா தன்பாட்டில் ரத்தாகும். சிறை வாசலில் இருந்து தடுப்பு முகாம், அங்கிருந்து விமானம். வான் ஓடியதற்குத் தண்டனை சிறை மட்டுமல்ல, நாடு கடத்தலும்தான்.

அந்த நேரம் நான் எங்கள் மாநிலத்தின் சட்ட அமைச்சர்.

"நீ ஆரோடையும் கதைக்க வேண்டாம்" என்றார் கந்தண்ணை. "அது பிழை எண்டு எனக்கும் தெரியும். தீர்ப்பு வாற அண்டைக்குக் கோட்டுக்கு வந்து முன்வரிசையில எனக்குப் பக்கத்தில இரு. அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

மிளகாய்த்தூள் மணந்த சத்தியக் கடதாசிகள்

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொழும்பில் படித்த சட்டத்தை இங்கே திரும்பவும் முதலில் இருந்து படித்து, ஒருவழியாகச் சட்டத்தரணி ஆனபோது எனக்கு அலுவலகம் வைக்க இடமில்லை. மல்கிரேவில் கந்தண்ணை ஒரு மளிகைச் சரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே அரிசி மூட்டை அடுக்குகிற அறையை ஒழித்து, ஒரு மேசையையும் இரண்டு கதிரையையும் போட்டு, "இரு" என்றார். வாடகை என்ற சொல்லை நான் எடுத்தபோது கெட்ட வார்த்தை கேட்டவர் போல முகத்தைச் சுளித்தார்.

கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில் மேலே வேலை செய்ய முடியாது. அகதி வழக்குக்காரர்கள் என் முன்னால் கண்ணீர் விட்டால், அது கதையின் சோகமா காரமா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை தீர்ப்பாயத்தில் விசாரணை நடத்திய அம்மையார் நான் கொடுத்த சத்தியக் கடதாசிகளைப் பிரித்துவிட்டுத் தும்மத் தொடங்கினார். தும்மி முடித்து, "உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். வழக்கு வென்றது. அதற்குப் பிறகு அவர் கந்தண்ணையின் கறித்தூள் வாங்கத் தொடங்கிவிட்டதாகக் கந்தண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது சுத்தப் பொய்.

சிட்னிக்குப் போய் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருக்கிறவர்களையும் பார்ப்பேன். பஸ்ஸில் போகிற எனக்குக் கந்தண்ணை சோற்றுப் பார்சல் கட்டித் தருவார், உள்ளே இருக்கிற பெடியங்களுக்கு. வாசலில் பார்சலை உள்ளே விடமாட்டார்கள். திரும்பி வருகிற வழியில் அதை நானே சாப்பிட்டுவிட்டு, "பெடியங்களுக்கு நல்லாப் பிடிச்சுது அண்ணை" என்பேன். நேசனை முதலில் கண்டது அங்கேதான். கழுத்தெலும்பு தெரிகிற ஒரு பெடியன், "அங்கிள், மாமாவுக்கு நான் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றான். இரண்டு பக்கத்துப் பொய்யையும் சுமக்கிற தூதனாக இருந்தேன்.

பின்வரிசைப் படை

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. செத்தவீடோ கலியாணமோ, ஆஸ்பத்திரியோ, ஆளாகப் போய் நிற்க வேண்டும். போய் ஒன்றும் செய்யத் தேவையில்லை. நின்றால் போதும்.

அந்தக் குணத்தை நான் தொழிலுக்குப் பயன்படுத்தினேன். சிறு வழக்குகளில் நம் பெடியன் ஒருவன் தனியாகக் கூண்டுக்குள் நின்றால் நீதிபதிக்கு அவன் ஒரு பெயர் மட்டும்தான். அவனுக்குப் பின்னால் அயர்ன் பண்ணின சேர்ட்டும் சேலையுமாகப் பத்துப் பேர் வாய் திறக்காமல் இருந்தால் அவன் ஒரு குடும்பத்தின் பிள்ளை ஆகிவிடுவான். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் வேலை செய்யும்.

ஆள் திரட்டுகிற பொறுப்பு கந்தண்ணைக்கு. கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து, "நாளைக்குக் காலமை வேலையோ? இல்லையெண்டா கோட்டுக்கு வா" என்பார். பிந்தி வருகிறவர்களுக்காக ஆசனங்களில் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, விரித்து இடம் பிடித்து வைப்பார். யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் பழகிய வித்தை. மெல்பேர்ன் நீதிமன்றக் காவலர்களுக்கு அந்தக் கைலேஞ்சிகள் என்ன என்று விளங்காது, ஆனாலும் ஒருவரும் தொடுவதில்லை.

அரசியாரும் இராகு காலமும்

அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் பிறகு என்னை நகரசபைக்கும், அங்கிருந்து மாநில மேல்சபைக்கும் தள்ளிக்கொண்டு போனது. நான் விரும்பிப் போனேனா என்றால், ஓம், விரும்பித்தான் போனேன். மக்கள் வற்புறுத்தினார்கள் என்று எழுதுகிற அரசியல்வாதிகளின் நினைவுக் குறிப்புகளை நான் நம்புவதில்லை.

இந்த நாடு ஒரு முடியாட்சி என்பது இங்கே பிறந்தவர்களுக்கே அடிக்கடி மறந்துபோகும். உறுப்பினராகிற அன்றுதான் உறைக்கும். அரசியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். நாங்கள் வந்த இடத்தில் தனிநாடு கேட்கமாட்டோம் என்ற சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் பாராளுமன்றத்தை விட்டே வெளியேறியிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த வசனத்தை வாசித்தேன்.

கந்தண்ணையின் கவலை வேறு. பதவியேற்பு இராகு காலத்தில் வருகிறதாம். யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டரைப் பார்த்துச் சொன்னார். இங்கே சூரியன் உதிக்கிற நேரம் வேறு, கோடையில் கடிகாரத்தையும் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். "சூரியன் வேற எண்டா இராகுவும் வேறயோ?" என்று கேட்டார். பூமணி அக்கா பார்வையாளர் மாடத்தில் இருந்து, ராணி எந்தக் கதவால் வருவா என்று கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா.

அரசியார் காலமானபோது எங்கள் மாநில வழக்கப்படி எல்லாரும் புதிய அரசருக்குத் திரும்பவும் சத்தியம் செய்தோம். வாரிசுகளுக்கும் சேர்த்து முன்பே சொன்னேனே என்று கேட்க எனக்குள் இருந்த சட்டத்தரணிக்கு வாய் துறுதுறுத்தது. வரிசையில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் முதல்வர் கூப்பிட்டுச் சட்ட அமைச்சைத் தந்தார். ஊரில் சட்டமா அதிபர் என்றால் அரச அதிகாரி. இங்கே அந்த வேலையின் பெயரைச் சுமப்பவர் ஓர் அரசியல்வாதி. நீதிபதிகளை நியமிக்கச் சிபாரிசு செய்வது அவர், வழக்கில் தலையிடக்கூடாதவரும் அவர். எங்கள் சனத்துக்கு முதல் பாதி மட்டும் விளங்கியது. பார்க்கிங் தண்டம் வந்தாலும் எனக்குத்தான் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார்கள்.

"ஏலாது அண்ணை"

இனி வரவேற்பறைக்கு வருகிறேன்.

வந்து இரு, காணும் என்று அவர் சொன்னபோது எனக்கு விளங்கியது, அவர் என்னிடம் சலுகை கேட்கவில்லை. முன்பு வருடக்கணக்காக நாங்கள் சேர்ந்து செய்த அதே வேலையைத்தான் கேட்கிறார். வித்தியாசம் ஒன்றுதான். அந்த நீதிபதியின் பெயரைச் சிபாரிசு செய்தவன் நான். நான் முன்வரிசையில் உட்கார்ந்தால் அது ஆள் நிற்பதல்ல. வாய் திறக்காமலே நீதிபதியின் காதுக்குள் பேசுவது.

"ஏலாது அண்ணை" என்றேன்.

"பின்வரிசையில?"

"பின்வரிசையிலும் ஏலாது. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நான் வர ஏலாது. வந்தா நேசனுக்குத்தான் பாதிப்பு. தண்டனை குறைஞ்சா அரசதரப்பு மேன்முறையீடு செய்யும், பத்திரிகைக்காரர் அவன்ரை விசாவைத் தோண்டுவாங்கள்."

"நீ லோயர். இப்பிடிச் சொல்ல உனக்குத் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

தட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். அமைச்சருக்கு வருகிற பழத்துக்கும் விதி உண்டு. கந்தண்ணை அதைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்கதவால் போனார். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

மறுநாள் என் திணைக்களத் தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன், இன்னார் கேட்டார், மறுத்தேன் என்று. அது விதி. மாலினி அதை அறிந்ததும் என்னை நேரே பார்த்தாள்.

"கந்தண்ணையைப் போட்டுக் குடுத்திட்டியளோ?"

"போட்டுக் குடுக்கேல்லை. சொல்ல வேணும், சொன்னனான்."

"நான் கோட்டுக்குப் போகப் போறன்" என்றாள். "நான் மந்திரியில்லை. என்னை ஒருத்தரும் அரசருக்குச் சத்தியம் செய்யச் சொல்லேல்லை."

போக வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. கடைசி வரிசையில் இரு, ஒருவரோடும் கதைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

மாலினி கண்டது

இனி எழுதுவது மாலினி சொன்னது. நான் அந்த நேரம் அமைச்சில் ஒரு கூட்டத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நீதிமன்ற அறை நிறைந்திருந்தது. கந்தண்ணை படை திரட்டியிருந்தார். முன்வரிசையில் அவரும் பூமணி அக்காவும். அவருக்கு மற்றப் பக்கத்து ஆசனத்தில் வெள்ளை லேஞ்சி விரித்திருந்தது. மாலினி கிட்டப் போனபோது அவர் எழும்பி, "பிள்ளை, பின்னால இரு. அது தம்பிக்கு" என்றாராம்.

நான் அவ்வளவு சொல்லியும், வருவேன் என்று நம்பியிருக்கிறார்.

ஆட்கள் கூடக்கூட இடம் போதவில்லை. நீதிமன்ற ஊழியர் ஒருவர் வந்து, இந்த இடம் யாருக்கு என்று கேட்டார். கந்தண்ணை நெஞ்சை நிமிர்த்தி, "மினிஸ்டர் இஸ் கமிங்" என்றார். எந்த மினிஸ்டர் என்று கேட்டதற்கு என் பெயரையும் பதவியையும் சொன்னார்.

ஊழியர் நேரே போய் அரச தரப்புச் சட்டத்தரணியின் காதில் சொன்னார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தாவாம். மாலினிக்குச் சட்டம் தெரியாது, ஆனால் அந்தப் பார்வை விளங்கியிருக்கிறது.

நேசனின் நற்பண்புக்குச் சாட்சி சொல்லக் கந்தண்ணையைத்தான் அழைத்திருந்தார்கள். இவ்வளவு காலம் இங்கே இருந்தும், கோட்டில் பிழையாகச் சொல்லிவிடக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தார். பெடியன் எப்படி உழைக்கிறவன், அடிபட்ட மனிதரை எத்தனை முறை பார்க்கப் போனான் எல்லாம் சொன்னார். நல்லாகத்தான் போனது.

பிறகு அரச தரப்பு அம்மா எழும்பினார்.

"இந்த வழக்கைப் பற்றிச் சட்ட அமைச்சரோடு கதைத்தீர்களா?"

கூண்டில் நேசன் தலை குனிந்தான். கந்தண்ணை "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதை நான் திணைக்களத்தில் சொன்ன தகவலோடு ஒப்பிட்டிருந்தால் பொய்ச் சாட்சி ஆகியிருக்கும். "ஓம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நான் தலையிட்டதாக ஆகி, நேசனின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

"ஓம், கேட்டனான்" என்றார் கந்தண்ணை. "அவன்ரை வீட்டுக்குப் போய்க் கேட்டனான். காலில விழாத குறையாக் கேட்டனான். வந்து பக்கத்தில இரு எண்டு மட்டும்தான் கேட்டனான். ஏலாது எண்டு சொல்லிப்போட்டான். என்ரை கடைக்கு மேல இருந்து லோயரானவன். என்ரை சகோதரம் மாதிரி. ஏலாது எண்டு சொல்லிப்போட்டான்."

மொழிபெயர்ப்பாளர் ஓர் இளம் பெண். ஒரு சொல்லும் விடாமல், குரல் ஏறாமல் இறங்காமல், அதை ஆங்கிலத்தில் சொன்னாள். காலில் விழாத குறையாக என்பதையும் சொன்னாள். ஊர்ச் சனம் முழுவதும் அதை இரண்டு மொழியில் கேட்டது. ஆயுளில் ஒருவரிடமும் தலை குனியாத மனிதர், நான் அவரைக் கைவிட்ட கதையைச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டி வந்தது.

"அப்படியானால் ஏன் இடம் வைத்தீர்கள்?" என்று நீதிபதியே கேட்டார்.

"மனம் மாறி வருவான் எண்டு நினைச்சன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். "அமைச்சரிடம் கேட்கப்பட்டது, அவர் மறுத்தார். எனக்கு இது போதும். தொடருங்கள்" என்றார். அரச தரப்பு அம்மா ஆட்சேபணை இல்லை என்று உட்கார்ந்தார்.

கந்தண்ணை சாட்சிக் கூண்டில் இருந்து இறங்கித் தன் இடத்துக்கு வந்தபோது, மாலினி கடைசி வரிசையில் இருந்து எழும்பிப் போய், லேஞ்சியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஆசனத்தில் இருந்தாள். சட்டத்தரணியாகக் கேட்டால், செய்யக்கூடாத காரியம். பத்திரிகைக்காரர் யாராவது அடையாளம் கண்டிருந்தால் நான் பதவி விலகியிருப்பேன். புருஷனாகக் கேட்டால், அவளைக் கட்டியது என் அதிர்ஷ்டம்.

பின்னேரம் தீர்ப்பு வந்தது. பத்து மாதம் சிறை, அதற்குப் பிறகு சமூக சேவை. பன்னிரண்டைத் தொடவில்லை. மேன்முறையீடு இல்லை. விசா தப்பியது.

கடை மேல்மாடி

கந்தண்ணை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் தலையை ஆட்டுவார். மாலினியோடு போனில் கதைப்பார், என்னைக் கேட்கமாட்டார். நான் போன் எடுத்தால் கடையில் ஆள் நிற்கிறது என்பார்.

நேசன் வெளியே வந்தான். ட்ருகனினாவிலேயே திரும்பவும் வேலை எடுத்தான். ஒரு வேலை மட்டும். தேர்தலுக்குப் பிறகு அமைச்சரவை மாறியது. நான் சபையின் மூத்த உறுப்பினர் என்ற மரியாதையோடு பின் ஆசனத்துக்குப் போனேன். இனி யாருடைய வழக்கும் என் கையில் இல்லை என்று உறுதியான பிறகு, ஒரு வேலை நாளில் மல்கிரேவுக்குப் போனேன்.

கந்தண்ணை மேல்மாடியில் இருந்தார். என் பழைய அலுவலகத்தில் திரும்பவும் அரிசி மூட்டைகள். ஒன்றின் மேல் இருந்து கறித்தூள் பைகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் ஒரு மூட்டையில் இருந்தேன்.

"பெடியன் நல்லா இருக்கிறான்" என்றார்.

"கேள்விப்பட்டனான் அண்ணை."

"நீ வந்திருந்தா அவன் இண்டைக்கு இஞ்ச இல்லை. கோட்டில அந்த மனுசி கேள்வி கேட்டவுடனேயே எனக்கு விளங்கீட்டுது. நீ செய்ததுதான் சரி."

இத்தனை நாளாக இதைக் கேட்கத்தான் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கியது. அன்று கீழே மிளகாயும் அரைக்கவில்லை.

"பிறகேன் அண்ணை இவ்வளவு நாளும் வீட்டை வரேல்லை?"

கந்தண்ணை ஒரு லேபிளை எடுத்துப் பையில் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

"நீ பிழை செய்திருந்தா வந்து நல்லா ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு, குசினிக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பன். சரியாச் செய்தவனை நான் என்னெண்டு தம்பி ஏசுறது? அதுதான் வரேல்லை."